ஏழாவது சீட்டில் யார்? சின்ன குடும்ப வண்டிக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கப் புறப்பட்ட அன்று காலை, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். ஏற வேண்டியவர்கள் ஏழு பேர். ஏற்ற வேண்டிய சாமான்: வெண்கலப் பானை ஒன்று, அரிசியும் வெல்லமும் போட்ட கட்டைப்பை இரண்டு, மாற்றுத்துணிப் பை மூன்று, 20 லிட்டர் தண்ணீர் கேன், இரண்டு கரும்பு. மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் மிஞ்சுவது கையளவு இடம்தான். பானை போனது, கேன் போகவில்லை. கரும்பை நடு சீட்டில் இருந்தவர்களின் தோள்களுக்கு நடுவே நுழைத்து, நுனி கியர் ராடை இடிக்கும்வரை தள்ளிப் பார்த்தோம். கடைசியில் அத்தைதான் வழி சொன்னார்: "வெட்டிப் போடுடா, சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

விளம்பரத்தில் 'ஏழு பேர் போகலாம்' என்று போட்டிருப்பது பொய்யில்லை. 'நிறைய சாமான் வைக்கலாம்' என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கோளாறு. எர்டிகாவோ, டிரைபரோ, இந்தோனேசியாவில் ஓடும் அவன்சாவோ, எக்ஸ்பாண்டரோ, சின்ன ஏழு சீட் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அன்றைக்கு மனசுக்குள் எழுத ஆரம்பித்த பட்டியல் இது. எர்டிகாவை நடுவில் வைத்து எழுதியிருக்கிறேன், நம் ஊரில் தெருவுக்கு ஒன்று நிற்கிறது என்பதால்.

வாங்கும் முன்: செய்ய வேண்டியவை

கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்றால் ஓட்டுபவர் முன்னால், மனைவி பக்கத்தில், விற்பனைப் பையன் நடுவில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய் வருவதோடு முடிந்துவிடுகிறது. நாங்கள் போனபோதும் அப்படித்தான் நடந்தது. கடைசி சீட்டை யாரும் நிமிர்த்தக்கூட இல்லை. நீங்கள் வீட்டிலேயே உயரமான ஆளைக் கூட்டிப் போங்கள். அவரை முதலில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அவருக்குத் தோதாகச் சீட்டைத் தள்ளுங்கள். அதற்குப் பின்னால் நடு வரிசையில் ஒருவர். அவர் காலை மடக்காமல் உட்கார்ந்த பிறகு, மிஞ்சிய இடத்தில் மூன்றாவது வரிசையில் நீங்கள் ஏறி உட்காருங்கள். முட்டி நெஞ்சுக்கு வருகிறதா, தலை கூரையில் தட்டுகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படியே பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு வேகத்தடையாவது வழியில் வரவேண்டும்.

காலண்டரை எடுத்து, போன வருஷம் எத்தனை நாள் ஏழு பேர் சேர்ந்து போனீர்கள் என்று எண்ணுங்கள். தீபாவளி, பொங்கல், ஒரு கல்யாணம், ஒரு கோடை விடுமுறை என்று பத்து நாளைக்குள் அடங்கினால் உங்களுக்கு வேண்டியது பெரிய டிக்கி வைத்த ஐந்து சீட் வண்டி, எப்போதாவது இரண்டு சீட்டை அவசரத்துக்கு நிமிர்த்திக்கொள்ள வசதி. இந்த வகை வண்டி அதைத்தான் செய்கிறது. மாதம் நான்கு தடவை ஏழு பேர் போகிற வீடு என்றால் இன்னும் பெரிய வண்டியைப் பாருங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

டிக்கி அளவை மூன்று எண்களாகக் கேளுங்கள். எர்டிகாவில் எல்லாச் சீட்டும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர், மூன்றாவது வரிசையை மடக்கினால் 550, நடுவரிசையையும் மடக்கினால் 803. டிரைபரில் முதல் எண் வெறும் 84 லிட்டர், மூன்றாவது வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625. விற்பவர்கள் பெரிய எண்ணை முதலில் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது சின்ன எண்.

நீளத்தைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். டிரைபர் 3,990 மில்லிமீட்டர். நாலு மீட்டரைத் தொட 10 மில்லிமீட்டர் குறைவு, அது தற்செயல் இல்லை. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் 'சின்ன கார்' வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டினால் 40. எர்டிகா சுமார் 4.4 மீட்டர், 1,462 சிசி, ஆகவே பெரிய வரிப் பட்டியலில் போகிறது. சட்டத்தில் இருக்கும் ஒரு ஸ்கேல்தான் 84 லிட்டர் டிக்கியைச் செதுக்கியது என்று சொன்னால் மிகையில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகி, தென்னாப்பிரிக்கா வரைக்கும் போகிற வண்டி, நம் வரிச் சட்டத்தின் உடம்போடு அங்கேயும் போய் ஓடுகிறது.

விபத்துச் சோதனை நட்சத்திரத்தைக் கேட்டால் வருஷத்தையும் கேளுங்கள். குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகா 2019இல் பெரியவர்களுக்கு 3 நட்சத்திரம் வாங்கியது. 2022இல் அந்த அமைப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2024இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவுக்கு பெரியவர்கள் பாதுகாப்பில் 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் எந்த நாட்டுக்கு எத்தனை ஏர்பேக் வைத்து அனுப்புகிறார்கள், எந்த விதியில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். 2025 முதல் இந்திய எர்டிகாவில் எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக் வருகிறது. பழைய வண்டி வாங்குபவர் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வாங்கும் முன்: செய்யக்கூடாதவை

பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். டொயோட்டா ரூமியான் என்று நிற்பது எர்டிகாவேதான். தென்னாப்பிரிக்காவில் 2021இலும் இங்கே 2023இலும் அந்தப் பெயரில் வந்தது. முகப்பும் லோகோவும் மாறியிருக்கும், மூன்றாவது வரிசை அதேதான். எங்கே சீக்கிரம் டெலிவரி, எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்வது புத்திசாலித்தனம். இந்த வண்டியின் பூர்வீகமே கொஞ்சம் வேடிக்கைதான். 2010 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'ஆர் 3' என்ற மாதிரி வண்டியாகக் காட்டினார்கள். இந்தோனேசிய மொழியில் மூன்றுக்கு 'டிகா'. ஆர்-டிகா, எர்டிகா ஆகிவிட்டது. இரண்டாம் தலைமுறை வண்டியை 2018 ஏப்ரலில் ஜகார்த்தாவில்தான் முதலில் திறந்து காட்டினார்கள், நமக்கு வந்தது நவம்பரில். ரம்ஜானுக்குச் சொந்த ஊர் போகும் கூட்டத்துக்காக மூன்று வரிசை வண்டியை வாங்கும் நாடு அது. பொங்கலுக்கு ஊர் போகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்கும் நமக்கு அந்த அவசரம் புரியும்.

மைலேஜை மட்டும் பார்த்துச் சிஎன்ஜிக்கு ஓடாதீர்கள். ஒரு கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்ற கம்பெனிக் கணக்கு கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எர்டிகாவில் 60 லிட்டர் சிலிண்டர் மூன்றாவது வரிசைக்குப் பின்னால்தான் உட்காருகிறது. அந்த 209 லிட்டரும் போச்சு. ஏழு பேர் ஏறினால் ஒரு பைக்கட்டுக்கூட வைக்க இடமிருக்காது. தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு லாபம், குடும்பத்தோடு வெளியூர் போகிறவருக்குத் தலைவலி. வாங்கியே தீர வேண்டுமென்றால், சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் உண்டு என்பதையும், நிரப்பும்போது எல்லோரும் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பதையும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டியைப் பெயின்ட் பார்த்து வாங்காதீர்கள். எர்டிகா டாக்ஸிக்காரர்களின் செல்லப்பிள்ளை. டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றி விற்பது உண்டு, தவறும் இல்லை. ஆனால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும். ஆர்சியில் முன்பு என்ன வகையாகப் பதிந்திருந்தது என்று பாருங்கள். பிறகு மூன்றாவது வரிசை சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், அடியில் சுருண்டிருக்கும் பகுதி வரைக்கும். குடும்ப வண்டியில் அது புதுத்துணி மாதிரி விறைப்பாக இருக்கும். டாக்ஸியில் நைந்திருக்கும். அந்தச் சுருளில் காய்ந்த சேற்றுக்கோடு தெரிந்தால் பேரம் பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. சீட் கவரையும் மேட்டையும் மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் அடிச்சுருளைக் கழுவுவதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

யார் எங்கே உட்காருவது

இதுதான் வண்டி கிளம்பும் முன் வீட்டில் நடக்கும் உண்மையான சண்டை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

பெரியவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். 'பின்னாடி காலியாத்தானே இருக்கு' என்று நாமும் சொல்வோம், 'எனக்கென்ன, எங்கே வேணா உட்காந்துக்கிறேன்' என்று அவர்களும் சொல்வார்கள். அங்கே சீட்டுக்கும் தரைக்கும் இடையே உயரம் குறைவு, குத்தவைத்த மாதிரி உட்கார வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு ஒரு மணி நேரம் போதும், இறங்கும்போது கைத்தாங்கல் வேண்டியிருக்கும். அதோடு அந்த இருக்கை பின் சக்கரங்களுக்கு நேர் மேலே. வேகத்தடையில் முன்னால் இருப்பவருக்கு ஒரு அசைவு, அங்கே இருப்பவருக்கு ஒரு தூக்கு. கர்ப்பிணிகளுக்கும் இடுப்பு வலிக்காரர்களுக்கும் அது வேண்டவே வேண்டாம்.

எட்டிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். அவர்களுக்கு அது ஒரு தனி அறை. முன்னால் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது, அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று நமக்கும் தெரியாது. தலைக்கட்டையை உயர்த்தி விடுங்கள். பின்கண்ணாடி அவர்கள் பிடரிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வண்டி இடித்தால் அந்தக் கட்டை மட்டும்தான் அவர்களுக்குத் துணை.

பெல்ட் எல்லா வரிசைக்கும்தான். பின்னால் இருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு, மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். பணத்தை விடுங்கள். பெல்ட் போடாத மூன்றாவது வரிசைக்காரர் ஒரு கடும் பிரேக்கில் நடு வரிசைக்காரரின் முதுகில் வந்து விழுவார், 60 கிலோ மூட்டை வந்து விழுந்த மாதிரி. அவர் பெல்ட் போடுவது முன்னால் இருக்கும் அம்மாவுக்காகவும்தான். பக்கிள் சீட் இடுக்கில் புதைந்து கிடக்கும். கிளம்பும் முந்தின நாளே தோண்டி வெளியே எடுத்து வையுங்கள்.

குழந்தை சீட்டை வலப்பக்கம், டிரைவருக்குப் பின்னால் மாட்டுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இடப்பக்கம் மாட்டினேன். மூன்றாவது வரிசைக்கு ஏற, நடு சீட்டின் இடப்பக்கத்தை மடக்கித் தள்ள வேண்டும். அங்கே குழந்தை சீட் கட்டியிருந்தால் அது மடங்காது. கடைசி வரிசைக்காரர்கள் சீட்டின் மேலேறிக் குதித்துத்தான் போனார்கள், அதில் ஒருவர் பட்டுப்புடவையில் இருந்தார். பின்னோக்கி உட்காரும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எட்டாவது ஆள் வேண்டாம். 'மடியில வச்சுக்கிறேன், சின்னக் குழந்தைதானே' என்பது நம் வீடுகளில் கேட்காத வாரமில்லை. வண்டி மோதி நின்றால் மடியில் இருக்கும் குழந்தையைப் பிடிக்க எந்தக் கைக்கும் வலு இருக்காது. முன் சீட் மடி என்றால் விரியும் ஏர்பேக்குக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவே குழந்தை. ஆர்சியில் ஏழு என்று எழுதியிருந்தால் டிரைவரையும் சேர்த்து ஏழு. இதை மறுப்பது கஷ்டம்தான். நான் கண்டுபிடித்த வழி: கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே, 'இத்தனை பேர் வண்டியில, மீதிப் பேருக்கு பஸ் டிக்கெட் போட்டாச்சு' என்று சொல்லிவிடுவது. வாசலில் நின்றுகொண்டு சொன்னால் அது மனஸ்தாபம்.

சாமான்

எடையைக் கூட்டிப் பாருங்கள். தலைக்கு 65 கிலோ என்று வைத்தாலே ஏழு பேருக்கு 455 கிலோ. அதற்கு மேல் ஒரு தண்ணீர் கேன் 20, ஒரு அரிசி மூட்டை 25. வண்டியின் மொத்தத் தாங்குதிறன் பெரும்பாலும் ஆட்களிலேயே தீர்ந்துவிடும். தண்ணீரை வழியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கனமானதைக் கீழே, சீட் முதுகோடு ஒட்டி வையுங்கள். லேசானது மேலே. மூன்றாவது வரிசையில் ஆள் இருக்கும்போது சீட் முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். வெண்கலப் பானை என்ன, ஒரு எவர்சில்வர் தூக்கு போதும் பின்மண்டையைப் பிளக்க.

பின்கதவை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். பிதுங்கப் பிதுங்க அடைத்த டிக்கி, மேட்டில் நிற்கும் வண்டி, பட்டென்று திறந்தால் முதலில் இறங்குவது தேங்காய்தான். எங்களுக்கு ஒன்று உருண்டு சாலையைக் கடந்து எதிர் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. டீக்கடைக்காரர் எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "சாமிக்கு வச்சதா அண்ணே, கீழ விழுந்துடுச்சே" என்றார். வேறு வாங்கினோம்.

டயர் மாற்றத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இல்லை, வண்டிக்கு அடியில் தொங்குகிறது. டிக்கித் தரையில் ஒரு துளை வழியே கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். அந்தத் துளை எங்கே இருக்கிறது? சாமானெல்லாம் அடுக்கிய இடத்துக்கு நேர் அடியில். ஆகவே அந்தக் கம்பியையும் ஜாக்கியையும் சாமானுக்கு அடியில் புதைக்காதீர்கள். மழை பெய்யும் ஊரில் தொங்கும் ஸ்டெப்னியின் மரை துருப்பிடித்து இறுகிவிடும். வருஷத்துக்கு இருமுறையாவது இறக்கி ஏற்றிப் பார்த்து, காற்றும் அடித்து வையுங்கள்.

சாலையில்

ஆள் ஏறும் முன் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். குறைந்த பாரத்துக்கு ஒரு எண், முழுப் பாரத்துக்கு இன்னொரு எண் என்று அதில் போட்டிருப்பார்கள். பங்க் பையன் 'எத்தனை சார்?' என்று கேட்டால் பழக்கத்தில் '32' என்று சொல்லிவிடுகிறோம். ஏழு பேரோடு போகும் நாளில் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், டயர் சூடாவதற்கு முன்.

ஹெட்லைட் குமிழைத் திருப்புங்கள். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே, முட்டிக்கு மேலே, 0, 1, 2 என்று எண் போட்ட சின்ன உருளை இருக்கும். வண்டியை விற்றுவிடும்வரை அதைத் தொடாதவர்களே அதிகம். கடைசி வரிசையில் இருவரும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும், முகம் தூக்கும், லோ பீமே எதிரே வருபவரின் கண்ணில் குத்தும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் சாலைக்கு இறங்கும். எதிரே வருபவர் நம்மைத் திட்டிக்கொண்டே ஹை பீம் அடிப்பது ஏன் என்று பல வருஷம் எனக்குப் புரியவில்லை. ஒரு லாரி டிரைவர் டீ குடிக்கும்போது சொல்லித்தான் தெரிந்தது.

ஓவர்டேக் செய்வதில் பழைய பழக்கத்தை நம்பாதீர்கள். தினமும் ஒற்றையாளாக ஆபீஸ் போகும்போது எட்டிப் பிடிக்கும் வண்டி, ஏழு பேரும் ஏசியும் சேர்ந்தால் வேறு வண்டி. எர்டிகாவுக்கு 103 குதிரைத்திறன், டிரைபரின் 999 சிசி இன்ஜினுக்கு 72. இருவழிச் சாலையில் பஸ்ஸைத் தாண்டப் போகும் முன் ஒரு கியர் குறைத்துவிட்டுப் போங்கள். பிரேக்கும் அப்படியே, வழக்கமாக நிற்கும் தூரத்தில் நிற்காது.

மலையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால், கீழே வரும்போது கருகிய நாற்றம் வரும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றாலும் கியரைக் குறைக்க வழி உண்டு. 2022க்குப் பிறகு வந்த எர்டிகா ஆட்டோமேட்டிக்கில் ஸ்டியரிங் பின்னாலேயே அதற்கான நெம்புகோல் இருக்கிறது. மலைக்குப் போகும் நாளில் கடைசி வரிசைக்காரர்களுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போடாதீர்கள். அங்கே ஜன்னல் திறக்காது. கவர் இரண்டு, எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடுத்து விடுங்கள், போனைப் பார்க்காதே என்று ஒரு அதட்டல் போடுங்கள்.

ஏசி பின்னால் போய்ச் சேர நேரம் கொடுங்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் முதலில் எல்லாக் கதவையும் இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். எர்டிகாவின் பல வருஷ மாடல்களில் கூரையில் இருக்கும் வெண்ட் நடு வரிசைக்குத்தான், அங்கிருந்து சிந்துவதுதான் கடைசி வரிசைக்கு. அதன் ஃபேனைத் தனியாகப் போட வேண்டும், முன்னால் போட்டால் தானாக ஓடாது. டிரைபரில் மூன்றாவது வரிசைக்கும் வெண்ட் உண்டு. 'குளிருதா?' என்று முன்னாலிருந்து கேட்டு, முன்னால் இருப்பவர் பதிலைக் கேட்டு ஏசியைக் குறைக்காதீர்கள்.

வண்டியை இரவல் கேட்டால்

காசுக்கு ஓட்டாதீர்கள். ஏழு சீட் வண்டி வாங்கிய மறுமாதமே தெருவில் நாலு பேர் கேட்பார்கள்: 'டீசல் போட்டு, உங்களுக்கும் ஏதாவது கொடுத்துடறோம்.' பெட்ரோல் வண்டி என்றுகூடக் கவனித்திருக்க மாட்டார்கள். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் பர்மிட் இல்லாத குற்றம். வழியில் ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். சொந்தத்துக்குச் சும்மா கொடுப்பதாக இருந்தால், லைசென்ஸைப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன ஹெட்லைட் குமிழையும் ஸ்டெப்னித் துளையையும் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இரவல் போனாலும் நீங்களே போனாலும், வண்டி திரும்பி வந்ததும் மூன்றாவது வரிசையை மடக்கிவிடாதீர்கள், ஒரு நாள் நிமிர்த்தியே வையுங்கள். சீட் இடுக்கிலிருந்து முறுக்குத் துண்டு, பாதி சாக்லேட், ஒரு கொலுசுத் திருகாணி, இவையெல்லாம் அப்போதுதான் கிடைக்கும். மடக்கிவிட்டால் எறும்புக்குத்தான்.

கரும்பைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள். கோயில் வாசலிலேயே விற்கிறார்கள்.